புகை போன வழி

அத்தியாயம் ஏழு

லென்ஸ் தப்பு செய்துவிட்டாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது அவளுடைய உதவியாளரின் நாக்குதான்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை அலுவலகத்தில், நேற்று பணிமனைக்காரர்கள் நன்றியோடு கட்டிக் கொடுத்த கறிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உதவியாளர் பாலிசி காலைச் சாப்பாட்டை நடத்திக்கொண்டிருந்தார். வயது ஐம்பது. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் விற்றவர். அந்த வேலையை அவர் விட்டுவிட்டார். பெயர் அவரை விடவில்லை. லென்ஸுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவளுடைய துப்பறியும் தொழில் பாதிக் காரணம், மூக்கில் உட்கார்ந்திருக்கும் தடிக் கண்ணாடி மீதிக் காரணம்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க மேடம். ஏழு மணி நேரம் புகையிலேயே வெந்த கறி. ஃபிரிட்ஜ்ல கிடந்தும் மெத்துன்னு இருக்கு."

"வேண்டாம். ரிப்போர்ட் எழுதணும்."

"நாப்பத்திமூணு ஓட்டுச் சீட்டைப் போட்டு எரிச்ச தீயில வெந்தது. ஜனநாயகத்தோட ருசி கொஞ்சமாவது தட்டுப்படும்னு பார்த்தேன். ஒண்ணும் காணோம். ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்ல. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

லென்ஸின் பேனா நின்றது.

எழுந்து வந்து பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்தாள். தேன் நிறத்தில் மினுமினுத்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். கொழுப்பு உறைந்து பிசுபிசுவென்று இருந்தது. தூசி விழுந்தால்கூட ஒட்டிக்கொள்ளும். எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

நேற்று நடந்தது இதுதான். பேருந்துப் பணிமனைத் தொழிலாளர் மன்றத்தின் ஆண்டு விருந்து. அன்றைக்கே மன்றச் செயலாளர் தேர்தலும். பதினெட்டு வருஷமாகப் போட்டியே இல்லாமல் இருந்தவரை எதிர்த்து முதல் தடவையாக ஒருவர் நின்றார். பணிமனையின் வெல்டர். விருந்துக்குக் கறி வேகவைத்தவரும் அவரேதான். பணிமனையில் கழித்துப் போட்ட காற்று டேங்க் ஒன்றை அறுத்து, ஒட்டி, நான்கு மாதம் பாடுபட்டு அவரே செய்த ஸ்மோக்கர் என்ற புகை அடுப்பில். காலையில் ஓட்டுப் போட்டார்கள். பன்னிரண்டரைக்கு எல்லாரும் முற்றத்தில் சாப்பிடப் போனார்கள். இரண்டு மணிக்கு எண்ண வந்து பார்த்தால் ஓட்டுப் பெட்டியின் கொக்கி பிடுங்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு சீட்டும் இல்லை.

தகராறு சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போனபோது, முன்பு ஒரு தடவை தொலைந்த ஸ்கூட்டரை லென்ஸ் மீட்டுக் கொடுத்ததை மறக்காத மெக்கானிக் ஒருவர் அவளுக்குப் போன் போட்டார். அவளும் வந்தாள். ஸ்மோக்கரின் நெருப்புப் பெட்டியைத் திறந்தாள். கரிக்கு மேலே காகிதச் சாம்பல். அதன் நடுவில் எரியாமல் தப்பித்த ஒரு சீட்டு மூலை, மன்ற முத்திரையோடு. நாள் முழுக்க நெருப்புப் பக்கத்தில் இருந்தது யார்? வெல்டர். பெட்டியின் சாவி யாரிடம்? செயலாளரிடம். சாவி வைத்திருப்பவர் எதற்குக் கொக்கியைப் பிடுங்க வேண்டும்? ஆகவே, தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் வெல்டர்தான் சீட்டுகளை எடுத்து எரித்திருக்கிறார்.

இருபதே நிமிடம். நாற்பது பேர் முன்னால், விரலை நீட்டிச் சொன்னாள். கை தட்டினார்கள். வெல்டர் ஒன்றும் பேசாமல் தோல் கையுறைகளைக் கழற்றி டேங்க் மேல் வைத்துவிட்டு கேட்டைத் தாண்டிப் போனார். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்போது தன் முகத்தில் இருந்திருக்கக்கூடிய திருப்தியை இப்போது நினைத்தபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அந்த டேங்க்ல புகை பூரா கறி மேலதான் போகும்னு அந்த மெக்கானிக் பெருமையா சொல்லிக்கிட்டே வந்தார், பாலிசி. நான் காதுல வாங்கல. உள்ள காகிதம் எரிஞ்சிருந்தா, இந்தக் கறியில அதோட தடம் இருக்கணும்."

பாலிசி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "அப்ப நாம சாப்பிட்டுக்கிட்டிருக்கறது..."

"அவர் நிரபராதிங்கறதுக்கு ஆதாரம்."

"பாதி ஆதாரம் உள்ள போயிடுச்சு மேடம்."

"மீதியை மடிச்சு வையுங்க. கிளம்புங்க."

*

வெல்டர் இன்று வேலைக்குப் போகவில்லை என்று பணிமனையில் சொன்னார்கள். அவர் வீடு கடைசித் தெருவில் இருந்தது. ஓட்டு வீடு, பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வெல்டரின் மனைவி, யார் என்றுகூடக் கேட்கவில்லை. தடிக் கண்ணாடியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"நேத்து பேசினது போதலையா?"

"அவரைப் பார்க்கணும்," என்றாள் லென்ஸ்.

"மாடி வீட்டுக்காரங்க நேத்தே விசாரிச்சுட்டாங்க. பால்காரர் காலையில விசாரிச்சுட்டார். நீங்கதான் பாக்கி. போங்க, பட்டறையில இருக்கார். உட்காருங்கன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

"நின்னுக்கறேன்."

பட்டறைப் பக்கம் திரும்பும்போது பாலிசி அவள் காதோரம் வந்தார். "உள்ள கேஸ் கட்டர் இருக்கும் மேடம். என் பாலிசிக்கு நாமினி யாருன்னு ஞாபகம் வர மாட்டேங்குது."

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாங்க."

"அதுக்குக் கவரேஜ் கிடையாது."

வெல்டர் ஒரு கதவுக் கீலை வைஸ் இடுக்கியில் பிடித்து அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

லென்ஸ் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "நான் தப்பு பண்ணிட்டேன்," என்றாள்.

"இன்னைக்கு மட்டும் எப்படித் தெரியும்? நேத்தும் இதே மாதிரி நிச்சயமாத்தான் சொன்னீங்க."

"கறியில சாம்பல் இல்ல."

அரம் நின்றது. அவர் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். குற்றம் சாட்டப்பட்டவனின் பார்வையாக இல்லை அது. தான் செய்த பொருளைப் பற்றி யாரோ சரியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள் என்கிற பார்வை. எழுந்தார். சட்டைப் பையிலிருந்து இரும்பில் குறி போடும் மஞ்சள் மெழுகுக் கட்டியை எடுத்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த தகட்டில் கோடு இழுத்தார்.

"இது டேங்க். படுத்திருக்கு. இந்தக் கோடியில, ஒரு படி இறக்கி, நெருப்புப் பெட்டி. அங்கேருந்து சூடும் புகையும் இப்படி வருது. நடுவுல ஓட்டை போட்ட தகடு. நெருப்புக்குக் கிட்ட சின்ன ஓட்டை, தள்ளிப் போகப் போகப் பெரிய ஓட்டை. இல்லாட்டி இந்தக் கோடியில கறி கருகும், அந்தக் கோடியில பச்சையா நிக்கும். தகட்டுக்கு மேல கம்பி வலை. அதுலதான் கறி. அந்தக் கோடியில புகைபோக்கி."

"கதவு இடுக்குல புகை வெளிய போகாதா?" என்று பாலிசி கேட்டார்.

"போகாது. கதவை முழுசா அறுக்கறதுக்கு முன்னாடியே கீலை ஒட்டிட்டேன். அறுத்துட்டு அப்புறம் ஒட்டினா தகடு விரிஞ்சுக்கும், மூடாது." அவர் குரலில் சூடு ஏறியிருந்தது. "புகைபோக்கியை முதல்ல டேங்க் உச்சியில வச்சேன். புகை மேலாலயே ஓடிப் போயிடுச்சு. கறி வெளுத்துப்போய்க் கிடந்துச்சு. ரெண்டு நாள் வேலையை அறுத்து எறிஞ்சுட்டு, புகைபோக்கி வாயைக் கம்பி வலை மட்டத்துக்கு இறக்கினேன். இப்ப அதுக்குள்ள போற புகை எதுவானாலும் கறியைத் தடவிக்கிட்டுத்தான் வெளிய..."

யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது ஞாபகம் வந்ததுபோல் பாதியில் நிறுத்தினார்.

"காகிதத்தைப் போட்டிருந்தா?" என்று லென்ஸ் மெதுவாகக் கேட்டாள்.

"கறுப்புக் கறுப்பா பறக்கும். ஓட்டை வழியா ஏறி வந்து, கொழுப்பு வழியற கறியில ஈ மாதிரி ஒட்டிக்கும். நாப்பத்திமூணு சீட்டுன்னா, யாரும் அந்தக் கறியை வாயில வச்சிருக்க மாட்டாங்க."

"கறியை எடுத்த பிறகு போட்டிருந்தா?"

"பன்னிரண்டரைக்குக் கறியை எடுத்தேன். எடுத்ததும் காத்து உள்ள போற வாசலையும் புகைபோக்கி மூடியையும் அடைச்சுட்டுத்தான் சாப்பிடப் போனேன். காத்து இல்லாம காகிதம் கருகும், அவ்வளவுதான். கறுப்பாவே கிடக்கும். நீங்க நேத்து எல்லார்கிட்டயும் காட்டினது வெளுத்த சாம்பல்."

"அப்ப வேற எங்கயோ எரிச்சு, கொண்டாந்து கொட்டியிருக்காங்க," என்றார் பாலிசி. "வாடகைச் சாம்பல்."

லென்ஸ் கேட்கத் தயங்கிய கேள்வியைக் கடைசியில் கேட்டாள். "இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட?" வெல்டர் மெழுகுக் கட்டியைப் பைக்குள் போட்டார். "எல்லாரும் உங்க வாயைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. பதினாலு வருஷம் கூட வேலை செஞ்சவங்க. ஒருத்தராவது என் மூஞ்சியைத் திரும்பிப் பார்த்திருந்தா சொல்லியிருப்பேன். நீங்களும் பார்க்கல."

தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று முறுக்கிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. பாலிசி ஒரு அடி முன்னால் வந்தார்.

"மேடம், நேத்து அந்தச் சாம்பலை எதுல அள்ளினீங்க?"

"காகித டீ கப்புல."

"ரொம்பிச்சா?"

"முக்கால் கப் இருந்துது."

"நாப்பத்திமூணு சீட்டும் முக்கால் கப்புக்குள்ள அடங்குமா? நான் பழைய இன்ஷூரன்ஸ் ஃபாரம் எரிச்ச அனுபவத்துல சொல்றேன். காகிதம் செத்தா இடத்தை அடைச்சுக்கும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வெல்டரின் மனைவி உள்ளே போய், பழைய காலண்டர் தாள்களையும் கத்தரிக்கோலையும் ஒரு காகித டீ கப்பையும் கொண்டுவந்து வைத்தார். ஓட்டுச் சீட்டைப் போலவே உள்ளங்கை அளவில் நாற்பத்திமூன்று துண்டு வெட்டினார்கள். இரும்புத் தகட்டின் மேல் வைத்து எரித்தார்கள். பாலிசி சாம்பலை அட்டையால் அள்ளி அளந்தார். நாலு கப் தாண்டியது. நசுக்காமல் அளந்தால் ஐந்து.

"இப்ப முக்கால் கப்புக்கு எத்தனை வேணும்னு பார்ப்போம்." நான்கு துண்டை எரித்தார். அரைக்கும் கீழே. இன்னொன்று. மேலும் ஒன்று. ஏழாவது துண்டுக்குச் சாம்பல் முக்கால் கப்புக்கு வந்து நின்றது.

"ஏழு," என்றார் பாலிசி.

லென்ஸ் கைப்பையைத் திறந்து நேற்றைய குறிப்பேட்டை எடுத்தாள். எடுக்காமலே அவளுக்குத் தெரியும். செயலாளர் சொன்னதை அப்படியே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். *ஐம்பது சீட்டு வெட்டினோம். நாற்பத்திமூன்று கொடுத்தோம். மிச்சம் ஏழு என் மேஜை டிராயரில், என் பூட்டில்.*

"எரிஞ்சது யாரும் ஓட்டுப் போடாத வெறும் சீட்டு," என்றாள். "ஓட்டெல்லாம் இன்னும் முழுசா இருக்கு."

"சாவி வச்சிருக்கறவருக்குக் கொக்கியைப் பிடுங்க என்ன அவசியம்னு நேத்து கேட்டோமே மேடம்," என்றார் பாலிசி. "சாவியால திறந்திருந்தா ஊரே அவரைத்தானே பார்த்திருக்கும். வேற யாரோ உடைச்ச மாதிரி காட்டத்தான் பிடுங்கியிருக்கணும்."

வெல்டர் தலையை ஆட்டினார். நம்ப முடியாமல் ஆட்டியதுபோல் இருந்தது. "செயலாளர் சாரா? இருக்காது. அந்தக் கழிச்ச டேங்க்கை எனக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்ததே அவர்தான்."

லென்ஸ் கிளம்பும்போது திரும்பி நின்றாள். "உங்ககிட்ட மன்னிப்பு கேட்கணும்."

"இங்க, தகரத்துக்குக் கீழ, மூணு பேர் காதுல விழற மாதிரி கேட்டு என்ன ஆகப்போகுது?" வெல்டர் மறுபடி அரத்தை எடுத்தார். "அங்க நாப்பது பேர் இருந்தாங்க."

*

மன்ற அறை பணிமனையின் பின்பக்கம். கேரம் பலகை, மடித்த செய்தித்தாள்கள், சுவர் முழுக்க வருஷத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு குழுப் புகைப்படங்கள். பதினெட்டிலும் நடு நாற்காலியில் ஒரே ஆள். வருஷம் ஏற ஏற முடி மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

அந்த ஆள் எழுந்து கை கூப்பினார். "வாங்கம்மா, வாங்க. நேத்து நீங்க வரலன்னா இங்க மண்டை உடைஞ்சிருக்கும்." ஃபிளாஸ்கிலிருந்து அவரே டீ ஊற்றினார். லென்ஸுக்கும் பாலிசிக்கும் கப்பும் சாஸருமாக வந்தது. தனக்கு வெறும் கப்பை எடுத்துக்கொண்டார்.

பாலிசி தன் சாஸரைத் தூக்கிப் பார்த்தார். "உங்க சாஸர் எங்க சார்?"

"உடைஞ்சுபோச்சு."

"எப்ப?"

"நேத்து."

"கீழ விழுந்தா, இல்ல சூடு தாங்காமலா?"

செயலாளர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. பாலிசி அடுத்ததற்கு வாயைத் திறந்தபோது லென்ஸ் கையைத் தூக்கித் தடுத்தாள். இன்றைக்கு விரல் நீட்டுவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள்.

"சார், அந்த மிச்ச ஏழு சீட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

அவர் கை டிராயர் பூட்டு வரைக்கும் போனது. சாவியைப் போட்டது. திருப்பவில்லை. வெளியே யாரோ பஸ்ஸை ஸ்டார்ட் செய்து பார்த்து அணைத்தார்கள். அந்தச் சத்தம் அடங்கும் வரை அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அது இல்லம்மா," என்றார் கடைசியில்.

நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்தார். டிஃபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய கட்டு ஒன்றை மேஜையில் வைத்தார். நான்காக மடித்த நாற்பத்திமூன்று சீட்டுகள்.

"எல்லாரும் சாப்பிடப் போனாங்க. எத்தனை வித்தியாசத்துல ஜெயிக்கறேன்னு முன்கூட்டியே தெரிஞ்சா, பேச ரெண்டு வார்த்தை எழுதி வச்சுக்கலாம்னு பெட்டியைத் திறந்தேன். வெல்டருக்கு நாப்பத்தொண்ணு. எனக்கு ரெண்டு." இரண்டு விரலைக் காட்டினார். "அதுல ஒண்ணு நானே போட்டது. இன்னொண்ணு என் மச்சானா இருக்கும், டயர் செக்ஷன்ல இருக்கான். காலையில பன்னெண்டு பேர் என் கையைப் பிடிச்சு 'உங்களுக்குத்தான் சார்'னு சொல்லிட்டுப் போனாங்க. நான் எண்ணி வச்சிருந்தேன்."

"எல்லாத்தையும் எரிச்சிருக்கலாமே சார்," என்றார் பாலிசி. அவர் குரலில் கிண்டல் இல்லை.

"கை வரல. ஒவ்வொருத்தரும் யோசிச்சுக் குறி போட்டது இல்லையா அது. அதான் வெறும் சீட்டைச் சாஸர்ல வச்சு எரிச்சு, கொண்டுபோய் டேங்க்ல கொட்டினேன். யாரோ தீயில போட்டுட்டாங்கன்னு நினைச்சுக்குவாங்க, மறு தேர்தல் வரும், அதுக்குள்ள உடம்பு சரியில்லன்னு கௌரவமா விலகிக்கலாம்னு கணக்குப் போட்டேன். யார் தலையிலயும் போடணும்னு நினைக்கல. வெல்டர் பேரை நான் சொல்லவே இல்லம்மா. நீங்கதான் சொன்னீங்க."

லென்ஸ் குனிந்துகொண்டாள். அது உண்மை.

"ஆனா நீங்க சொன்னப்ப நான் வாயைத் திறந்திருக்கணும்," என்றார் செயலாளர். "எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்."

லென்ஸ் கைகளுக்கு வேலை கொடுக்கவென்றே சீட்டுகளைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தாள். எல்லாம் பேனா, பென்சில் குறிகள். செயலாளருக்கு விழுந்த இரண்டும் தனியாக ஒரு ரப்பர் பேண்டில் இருந்தன. ஒன்றில் அவருடைய பச்சை மை. இன்னொன்றைப் பிரித்தவள் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். பாலிசி எட்டிப் பார்த்தார்.

செயலாளர் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில், தடிமனாக, வழவழவென்று, மஞ்சள் மெழுகில் ஒரு குறி.

"சார், இந்த மஞ்சள் கட்டி இங்க யார்கிட்ட இருக்கும்?"

"இரும்புல குறி போடறதா? அது வெல்டர் ஒருத்தர்கிட்ட..."

அவர் கையை நீட்டிச் சீட்டை வாங்கினார். கட்டை விரலால் அந்தக் குறியைத் தடவினார். மெழுகு விரலில் ஒட்டியது. நாற்பத்தொன்றையும் இரண்டையும் அவர் மனசுக்குள் மறுபடி கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அவரை எதிர்த்து நின்றவன் தன் சொந்தப் பெயருக்குக் குறி போடாமல் அவர் பெயருக்குப் போட்டிருக்கிறான். அந்தச் சீட்டைத்தான் அவர் நேற்று முழுக்கச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு, அவன் கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"நீங்களே சொல்லிடுங்கம்மா," என்றார் கைகளுக்குள்ளிருந்து. "என்னால அவங்க முன்னாடி நிக்க முடியாது."

"என் பங்கை நான் சொல்றேன் சார். அதுக்கே எனக்கு வாய் வருமான்னு தெரியல." லென்ஸ் சீட்டுக் கட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "உங்க பங்கை நான் சொன்னா, நேத்து செஞ்சதையே இன்னொரு தடவை செஞ்ச மாதிரி ஆகும்."

*

நான்கு மணி டீ இடைவேளையில், முற்றத்தில், டேங்க் பக்கத்திலேயே எல்லாரும் கூடினார்கள். நேற்றுக் கை தட்டிய அதே முகங்கள். வெல்டர் வரவில்லை. ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"நேத்து இதே இடத்துல நின்னு ஒருத்தர் பேரைச் சொன்னேன்," என்றாள் லென்ஸ். "அது தப்பு. அவர் எதையும் எடுக்கல, எதையும் எரிக்கல. எனக்கு ஆதாரம் கிடைக்காம இல்ல. நீங்க சாப்பிட்ட ஒவ்வொரு துண்டுலயும் இருந்துச்சு. ஒரு கேள்விகூட அவர்கிட்ட கேட்காம, சீக்கிரம் முடிச்சுக் காட்டணும்னு அவசரப்பட்டேன். உங்களுக்கெல்லாம் நான் ஒரு பொய்யைக் கொடுத்துட்டுப் போனேன். அதுக்கு வெட்கப்படறேன்."

"அப்ப யாருதான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

செயலாளர் முன்னால் வந்தார். வரமாட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கையில் கட்டு இருந்தது.

"நான்தான்," என்றார். "சீட்டு இதோ இருக்கு, எண்ணிக்குங்க. வெல்டருக்கு நாப்பத்தொண்ணு, எனக்கு ரெண்டு. அந்த எண்ணிக்கை வெளிய தெரியக்கூடாதுன்னுதான் எடுத்தேன். ரெண்டுல ஒண்ணு நான் போட்டது. இன்னொண்ணு," அவர் நிறுத்தினார், "நேத்து நாம எல்லாரும் சேர்ந்து வெளிய அனுப்பினோமே, அவர் போட்டது."

டயர் செக்ஷன் மச்சான் தன் செருப்பைப் பார்த்தார். நேற்றுக் காலையில் செயலாளரின் கையைப் பிடித்த பன்னிரண்டு பேர் யார் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் பன்னிரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு மற்றவர்களும். லென்ஸுக்குப் போன் போட்ட மெக்கானிக் டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

லென்ஸ் கேட்டுப் பக்கம் நடந்தாள். பாலிசி இரண்டடி பின்னால் வந்தார்.

"அவர் வரலையா?" என்று கேட்டாள்.

"வரமாட்டேன்னுட்டார். கேட்டுட்டு வந்து சொல்லுன்னு என்னை அனுப்பினார்," என்றார் வெல்டரின் மனைவி. "ஓட்டை யாருக்குப் போட்டார்னு எனக்கு நேத்தே தெரியும். பதினெட்டு வருஷம் ஓடி ஓடிச் செஞ்ச மனுஷனுக்கு ஒண்ணாவது விழட்டும்னு போட்டாராம். அதை இங்க வந்து சொல்லச் சொன்னேன். அது சொல்லிக்காட்டற மாதிரி ஆயிடும்னு மாட்டேன்னுட்டார்."

"வீட்டுக்கு வந்து நானே அவர்கிட்ட..."

"வேண்டாம். நான் சொல்லிக்கறேன்." அவர் கிளம்பி, நின்றார். "ஒரு இடம் பாக்கி இருக்கு. என் பொண்ணு நாலாவது படிக்கறா. அவ கூட உட்கார்ற பொண்ணு இன்னைக்குப் பெஞ்சு மாறி உட்கார்ந்துச்சாம், திருடன் பொண்ணு பக்கத்துல உட்கார மாட்டேன்னு. என் பொண்ணு மத்தியானமே அழுதுக்கிட்டு வந்துட்டா. அந்தப் பொண்ணு வீடு தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, பச்சை கேட். பெரியவங்களுக்குச் சொன்னீங்க. அங்கயும் போய்ச் சொல்லுங்க."

*

பச்சை கேட்டைத் திறந்தபோது பாலிசி வெளியிலேயே நின்றுகொண்டார். "நான் இங்க இருக்கேன் மேடம்," என்றார்.

லென்ஸ் மணியை அடித்தாள். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, பாதி பின்னிய தலையோடு கதவைத் திறந்தாள்.

"உன் கூடப் படிக்கற பொண்ணோட அப்பா, வெல்டர்," என்றாள் லென்ஸ். "அவர் எதையும் திருடல. அவர் திருடினார்னு எல்லார்கிட்டயும் சொன்னது நான்தான். அது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சிறுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பார்வை கண்ணாடியில் கொஞ்ச நேரம் நின்றது.

"நீங்க டிடெக்டிவ்தானே?"

"ஆமா."

"அப்ப எப்படித் தப்பா சொன்னீங்க?"

நாற்பது பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி. லென்ஸ் கீழே உட்கார்ந்து அவள் உயரத்துக்கு வந்தாள்.

"நான் சரியா பார்க்கலம்மா. பார்த்த மாதிரி சொல்லிட்டேன்."

சிறுமி அதை யோசித்துப் பார்த்தாள். "அம்மாதான் பெஞ்சு மாறி உட்காரச் சொன்னாங்க," என்றாள். "அம்மாகிட்ட சொல்றீங்களா?"

"சொல்றேன். கூப்பிடு."

சிறுமி உள்ளே ஓடினாள். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. லென்ஸ் எழுந்து, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, இன்னொரு முறை சொல்வதற்காகப் படியில் நின்றாள்.